கைதட்டல் விதி

பல் மருத்துவமனையின் முன்பதிவு மேசையில் பதினாறு வருடம் உட்கார்ந்தவளுக்கு ஆளைப் பார்த்ததும் நிமிடம்தான் தோன்றும். பல் சுத்தம் செய்ய வந்தவர் இருபது நிமிடம். பல் அடைக்க வந்தவர் அரை மணி. வேர் சிகிச்சை என்றால் ஒரு மணி, நாற்காலியில் உட்காரும் முன்பே அழுகிற ஆளாக இருந்தால் பத்து நிமிடம் கூட்டிப் போட வேண்டும். அவள் மேசையில் இருக்கும் நாளில் மருத்துவர்கள் ஈ ஓட்டியதும் இல்லை, வராந்தாவில் கூட்டம் நெரிந்ததும் இல்லை. அவள் விடுப்பு எடுத்த நாளில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். அட்டவணை அக்கா என்ற பெயர் அங்கே வைத்ததுதான். வைத்தவர்கள் கேலியாக வைத்தார்கள், அவள் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு வேறொரு உத்தியோகம், சம்பளமில்லாதது. எஃபெக்டிவ் ஆல்ட்ரூயிசம் என்று உலகம் முழுக்க ஓர் இயக்கம் இருக்கிறது. மனசு உருகிய இடத்தில் நல்லது செய்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்காதே, எங்கே செய்தால் அதிகம் பேருக்குப் பயன் என்று கூட்டிக் கழித்துப் பார்த்துச் செய் என்பது அவர்கள் கொள்கை. சொல்லச் சுலபம். அதற்காக அவள் இருந்த நகரத்தில் கூடிய குழுவுக்கு நற்பயன் வட்டம் என்று பெயர். வட்டத்தை நடத்துகிறவள் அட்டவணை அக்கா.

வீட்டில் இதைக் கேலி பேசாத ஆள் கிடையாது. கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர், நாள் முழுக்க மாடிக்கும் தரைக்கும் நடுவில் தொங்கிவிட்டு வருகிறவர், ஞாயிறன்று மனைவி வீட்டில் இருப்பதைப் பார்த்தாலே விருந்தாளி வந்ததுபோல் எழுந்து நிற்பார். கூடவே இருந்த நாத்தனார் இன்னும் ஒரு படி மேலே.

"அண்ணி, எங்கேயோ இருக்கறவங்களுக்குக் கொசுவலை கொசுவலைன்னு பேசறீங்க. நம்ம வீட்டு ஜன்னல்ல வலை கிழிஞ்சு ஆறு மாசம் ஆச்சு."

"உன்னைக் கடிக்கற கொசுவால நீ மலேரியா வந்து சாகப்போறதில்ல, தூக்கம்தான் போகும்" என்பாள் அண்ணி. கணக்குப்படி அது சரி. அன்று மாலையே நாத்தனார் தன் காசில் வலை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

வட்டம் தொடங்கியபோது அது வட்டமாகவே இல்லை. இரண்டே பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் வெறும் கோடுதான். இன்னொரு முனையில் உட்கார்ந்தவள் கண்ணாடிக்கடைக்காரி. கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள், கண் பரிசோதனையும் அவளே செய்வாள். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல் மருத்துவமனைக்கு வந்தாள். அன்றைக்கு இடமே இல்லை. அட்டவணை அக்கா தன் வாழ்க்கையில் முதல் தடவையாக வரிசையை மீறி அவளை உள்ளே அனுப்பினாள். ஏன் என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது. வலி போனதும் அந்தம்மாள் திரும்பி வந்து, "உங்க கண்ணாடி ஒரு பக்கம் சாஞ்சிருக்கு, கழட்டுங்க" என்று அங்கேயே திருகி நிமிர்த்திக் கொடுத்தாள். ஒரு மாதத்தில் இருவரும் வாடி போடி என்று ஆகிவிட்டார்கள்.

முதல் இரண்டு வருடம் கூட்டம் நடந்தது கண்ணாடிக்கடையில்தான், ஞாயிறு கதவைப் பாதி இறக்கிவிட்டு. நாலு சுவரிலும் கண்ணாடிச் சட்டங்கள், நடுவில் எழுத்துகள் சிறுத்துக்கொண்டே போகும் பலகை. கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடிக்காரி ஒரு பெட்டி வைத்திருந்தாள், பழைய கண்ணாடிகளைப் போட்டால் ஏழைகளுக்கு அனுப்புவாள். அந்தப் பெட்டிதான் அவர்களுடைய முதல் சண்டை. பழையதைச் சேர்த்து, கழுவி, யார் கண்ணுக்கு எது பொருந்தும் என்று தேடி அனுப்பும் உழைப்பில் புதிதாகவே எத்தனை பேருக்குச் செய்யலாம் என்று அட்டவணை அக்கா கேட்டாள். மூன்று ஞாயிறு மல்லுக்கு நின்றார்கள். நான்காவது ஞாயிறு பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது.

"நான் நெனச்சது தப்பு. மனசை மாத்திக்கிட்டேன்" என்றாள் கண்ணாடிக்காரி, முகத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு.

அட்டவணை அக்கா கைதட்டினாள். கேலிக்கு இல்லை, நிஜமாகவே சந்தோஷம் தாங்கவில்லை. ஒரே ஓர் ஆள் தட்டிய கைதட்டல் அந்தச் சின்னக் கடையில் படபடவென்று கேட்டது. அன்றிலிருந்து அது விதியாயிற்று. யாராவது எழுந்து மனசை மாத்திக்கிட்டேன் என்று சொன்னால் எல்லோரும் கைதட்ட வேண்டும். ஏன், எப்படி என்று குடைந்து கேட்கக் கூடாது, முதலில் கைதட்டல். தப்பை ஒப்புக்கொண்டவரை மற்ற கூட்டங்களில் எப்படிப் பார்ப்பார்கள் என்று நமக்குத் தெரியும். அதற்காகவே இந்த ஒரு விதியை நான் மெச்சுவேன்.

கடை போதாமல் வட்டம் நூலகத்தின் மாடி அறைக்கு மாறியது. எண்பது பேர் வந்துபோகும் இடமானால் உறவுச் சிக்கல் வராமல் இருக்குமா? உலகத்தைக் காப்பாற்ற வந்தவர்களுக்கும் பக்கத்து நாற்காலிக்காரர் மேல் கோபம் வரும். யாரையும் பேசவிடாத ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இருந்தார். அட்டவணை அக்கா அவர் கையில் ஒரு மணியைக் கொடுத்து நேரம் பார்க்கும் பொறுப்பை ஒப்படைத்தாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதால் அவருக்குப் பேச நேரமில்லாமல் போயிற்று, உச்சி குளிர்ந்தும் போனார். வட்டத்துக்குள்ளேயே காதலித்து வட்டத்துக்குள்ளேயே பிரிந்த ஜோடி ஒன்று இருந்தது, அவன் புள்ளிவிவரம் பார்ப்பவன், அவள் வழக்கறிஞர். ஆளுக்கு இரண்டு ஞாயிறு என்று பாகம் பிரித்துக் கொடுத்தாள். மாதத்தில் ஐந்தாவது ஞாயிறு வந்தால் கூட்டமே வேண்டாம் என்று விட்டாள். ஏழு மாதத்தில் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்கிற அளவுக்கு ஆறிப்போனார்கள்.

கண்ணாடிக்காரி வாசலில் நிற்பாள். அது யாரும் அவளுக்குக் கொடுத்த வேலை இல்லை. படி ஏறி வருகிறவர் புதிது என்றால் அவளுக்கு முகத்திலேயே தெரிந்துவிடும். பெயரைக் கேட்பாள், அடுத்த முறை அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுவாள். கூட்டம் முடிந்ததும் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மின்விசிறியை அணைத்துவிட்டுப் போவாள்.

எண்பது பேரையும் மனசில் வைத்துக்கொள்ள முடியாது என்று அட்டவணை அக்கா ஒரு ஷீட் தயாரித்தாள். பெயர், தொழில், என்ன சாப்பிடுவார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிவது. அதற்குப் பக்கத்தில் இரண்டு நெடுவரிசைகளை மறைத்து வைத்திருந்தாள். ஒன்றின் தலைப்பு: 'நான் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தால் இவரிடம் எவ்வளவு மாறும்?' அதற்கு நேரே ஒன்றிலிருந்து ஐந்துவரை ஓர் எண். இன்னொன்று குறிப்பு. படிப்பு முடித்து என்ன வேலைக்குப் போவது என்று தவிக்கும் மருத்துவ மாணவிக்கு ஐந்து. விவாதம் செய்ய மட்டும் வரும் கணக்கு வாத்தியாருக்கு இரண்டு. பல் மருத்துவமனையில் நிமிடம் ஒதுக்கிய அதே கைதான் இதையும் எழுதியது, இதில் வஞ்சகம் கிடையாது. தன் ஞாயிறுகளை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான்.

கணவர் ஒருநாள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "எனக்கு எத்தனை போட்டிருக்க?"

"நீங்க இந்த லிஸ்ட்லயே இல்ல."

"தப்பிச்சேன்" என்றார்.

அந்த வருடம் சுற்றுவட்டார ஊர்க் குழுக்களையெல்லாம் சேர்த்து ஒருநாள் மாநாடு நடத்தும் பொறுப்பு நற்பயன் வட்டத்துக்கு வந்தது. நூற்றிருபது பேர். வெளியூர்க்காரர்களையும் அதே ஷீட்டில் சேர்த்து எண் போட்டாள். ஒவ்வொருவரும் யாரோடு எந்த மேசையில் எத்தனை மணிக்குத் தனியாகப் பேசுவார் என்பதுவரை அட்டவணை அக்கா எழுதி முடித்தாள். கழுத்தில் மாட்டும் பெயர் அட்டைகளைக் கண்ணாடிக்காரியின் கடையில் அச்சிடுவதாக ஏற்பாடு. அங்கே கண்ணின் பவர் எழுதிக் கொடுக்கும் அட்டைகளுக்கென்று நல்ல அச்சு இயந்திரம் இருந்தது. மாநாட்டுக்கு இரண்டு நாள் முன்னால், வேலை மும்முரத்தில், அட்டவணை அக்கா ஷீட்டை அப்படியே அனுப்பி வைத்தாள். மறைத்துவைத்த நெடுவரிசைகள் திரையில்தான் மறையும், அட்டை அடிக்கிற நிரலுக்கு அவை மறைவதில்லை என்பது அவளுக்குத் தெரியாது. இத்தனை கெட்டிக்காரத்தனம் உள்ளவளுக்கு அது தெரியாமல் போனதை என்னவென்று சொல்வது!

மாநாட்டன்று காலை ஏழரை மணிக்கு நூலக மாடியில் அட்டைப் பெட்டியைத் திறந்தாள். நூற்றிருபது அட்டைகளும் அகர வரிசையில், கயிறு கோத்து, அழகாக இருந்தன. பெயர், தொழில், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் மேலே தனியாக ஓர் அட்டை கிடந்தது. அதில் கண்ணாடிக்காரியின் பெயர். கீழே தொழில். அதற்கும் கீழே சின்ன எழுத்தில்: '1. எப்படியும் வருவாள். நேரம் ஒதுக்க வேண்டாம்.'

அட்டவணை அக்கா அந்த அட்டையைச் சட்டென்று கவிழ்த்து வைத்தாள். மற்ற அட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றில்கூட எண் இல்லை. வாசல் பக்கம் சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரி வந்திருந்தாள், வழக்கம்போல. மேசை விரிப்பைச் சரிசெய்துகொண்டே, "டீ பிளாஸ்க் ரெண்டு போதாது, மூணு சொல்லிட்டேன்" என்றாள். அவள் கழுத்தில் புது அட்டை தொங்கியது.

"ஏய், கொஞ்சம் பேசணும்."

"ஆளுங்க வர ஆரம்பிச்சாச்சு. அப்புறம்."

அன்று மத்தியானம்வரை அட்டவணை அக்கா என்ன செய்தாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. பேச்சாளர்கள் பேசினார்கள், பொறியாளர் மணி அடித்தார், நூற்றிருபது பேரும் மேசைக்கு மேசை மாறினார்கள். எல்லாம் அவள் எழுதிய நிமிடத்துக்கு நடந்தது. அவள் கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. இந்த ஒருத்தியை இழந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அன்றைக்கு அவளுக்கு வேண்டியிருந்தது. நூற்றிருபது பேருக்கும் நேரம் ஒதுக்கிய தாளில் அதற்கு மட்டும் இடம் விடவில்லை. வாசலில் மருத்துவ மாணவி தன்னோடு முதல்முறை வந்த ஒரு தோழியை அழைத்து வந்தாள். அந்தப் பெண் உள்ளே கூட்டத்தைப் பார்த்துப் படியிலேயே தயங்கினாள். கண்ணாடிக்காரி அவளிடம் என்னவோ சொல்லிச் சிரிக்க வைத்து, கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுத் திரும்பினாள்.

சாப்பாட்டு இடைவேளையில் பின்பக்க இரும்புப் படியில் அட்டவணை அக்கா அவளைப் பிடித்தாள். கண்ணாடிக்காரி கோப்பைகளைக் கழுவி ஈரக் கையோடு அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"மத்த கார்டுலயும் எண் அடிச்சிருந்துதா?"

"எல்லாத்துலயும்தான். நூத்தி இருபதும். என்னோடதை எடுத்து வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கிழிச்சுப் போட்டு மறுபடி அடிச்சேன். அந்த வாத்தியார் மட்டும் பாத்திருந்தா உன் மானம் கப்பலேறியிருக்கும்."

"மன்னிச்சுக்கடி. அது உன்னைப் பத்தின எண் இல்ல. நான் கூட ஒரு மணி நேரம் கொடுத்தா என்ன மாறும்னு..."

"தலைப்பு ஷீட்டுலயே இருந்துச்சு. படிச்சேன்." கண்ணாடிக்காரியின் குரலில் கோபம் இல்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தக் கேள்விக்கு அந்த எண் சரியா, தப்பா?"

தப்பு என்று சொல்லியிருக்கலாம். யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஒன்பது வருடமாக, மனம் நோகுமே என்று பூசி மெழுகக் கூடாது என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தவள் அவள். கூட்டிக் கழித்துப் பார்த்தாள். இவள் ஏற்கெனவே முழுசாக உள்ளே இருப்பவள். கூட ஒரு மணி நேரம் கொடுத்தால் என்ன மாறும்?

"சரிதான்" என்றாள்.

கண்ணாடிக்காரி தலையாட்டினாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அதனாலதான் ஒரு வருஷமா நாம ரெண்டு பேரும் தனியா ஒரு டீ கூடக் குடிக்கலையா?"

அட்டவணை அக்கா அதை இதுவரை கவனித்ததே இல்லை. ஒரு வருடமா என்று யோசித்தாள். ஒரு வருடத்துக்கும் மேலேயே இருக்கும்.

"நீ அஞ்சு போட்டவங்க கூட எல்லாம் டீ குடிச்ச. நான்தான் கோப்பை கழுவினேன், எனக்குத் தெரியும்" என்றாள் கண்ணாடிக்காரி. உள்ளே பொறியாளர் மணியை அடித்தார். ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை மனுஷன்.

மாலை நாலரைக்குக் கடைசிச் சுற்று. எல்லோரும் பெரிய வட்டமாக உட்கார்ந்து, இன்று எதைப் பற்றி எண்ணம் மாறியது என்று விருப்பமுள்ளவர்கள் எழுந்து சொல்வார்கள். கணக்கு வாத்தியார் ஏதோ ஒரு வரைபடத்தைப் பற்றித் தன் கருத்து மாறியதாகச் சொன்னார், கைதட்டல். புள்ளிவிவரக்காரன் சொன்னான், கைதட்டல். வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பழக்கம் புதிது, பிடித்துப்போய் வேண்டுமென்றே உரக்கத் தட்டினார்கள். அப்போது வாசல் பக்கத்து நாற்காலியிலிருந்து கண்ணாடிக்காரி எழுந்தாள். அவள் கூட்டத்தில் பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை.

"நான் ஒன்பது வருஷமா ஞாயித்துக்கிழமை இங்கதான் இருக்கேன். இங்க இருக்கறதுதான் என்னால ஆன நல்லதுன்னு நெனச்சேன். ரெண்டு நாளா கணக்குப் போட்டுப் பாத்தேன். கோப்பை கழுவ யாரா இருந்தாலும் போதும். கண் பாக்க எனக்குத் தெரியும். லாரி நிக்கற இடத்துல ஞாயித்துக்கிழமை எரநூறு ஓட்டுநருங்க சும்மா உக்காந்திருக்காங்க, பாதிப் பேருக்கு ராத்திரி சரியாக் கண்ணு தெரியாது. அடுத்த வாரத்துலேருந்து நான் அங்க போறேன். இங்க வர மாட்டேன்." கடைசியாகச் சொன்னாள்: "மனசை மாத்திக்கிட்டேன்."

அறை அதிர்ந்தது. இதைவிட நல்ல மனமாற்றம் அன்று யார் சொன்னார்கள்? உணர்ச்சிக்கு மயங்காத கணக்கு, தெளிவான மாற்று, தேதியோடு முடிவு. பொறியாளர் மணியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். மருத்துவ மாணவி எழுந்து நின்று தட்டினாள், அவளைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் எழுந்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது விதி.

அட்டவணை அக்காவும் தட்டினாள். தட்டாமல் இருக்க முடியுமா? விதியைப் போட்டவள் அவள்தான். போகாதே என்று எழுந்து சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. நூற்றிருபது பேர் கைதட்டுகிற சத்தத்தில் அதைச் சொல்ல இடமில்லை. சத்தம் அடங்கியபோது புள்ளிவிவரக்காரன் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்திருந்தான். கண்ணாடிக்காரி கோப்பைகளைக் கழுவிவிட்டு, மின்விசிறியை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை பல் மருத்துவமனையில் சாப்பாட்டு நேரத்தில், மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மாநாட்டில் எழுதி வாங்கிய கருத்துப் படிவங்களைப் பிரித்தாள். தொண்ணூற்று நாலு பேர் எழுதியிருந்தார்கள். ஏற்பாடு எப்படி என்பதற்குப் பத்துக்கு ஒன்பது சராசரி. கடைசிக் கேள்வி அவளே யோசித்துச் சேர்த்தது: 'இந்த இயக்கத்தில் தொடர்ந்து இருப்பதற்கு முக்கியக் காரணம் யார் அல்லது எது?' ஒரு புத்தகத்தின் பெயர் வரும், ஒரு பேச்சு வரும் என்று எதிர்பார்த்தாள். முதல் படிவத்தில், 'வாசலில் நின்ற அம்மா.' மூன்றாவதில், 'முதல் நாள் திரும்பிப் போக இருந்தேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.' ஒரு வெளியூர்க்காரர், 'எங்கள் ஊர்க் குழுவைத் தொடங்கியவரே அந்தக் கண்ணாடிக்கடையில் டீ குடித்தவர்தான்' என்று எழுதியிருந்தார். மருத்துவ மாணவியும் 'வாசலில் நின்ற அம்மா' என்றுதான் எழுதியிருந்தாள். ஐந்து போட்டு, பன்னிரண்டு தடவை தனியாக உட்கார்ந்து பேசிய மாணவி. அவள் படிவத்தில் அட்டவணை அக்காவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இரண்டு தடவை எண்ணினாள். நாற்பத்தொரு பேர். ஷீட்டைத் திறந்து கண்ணாடிக்காரியின் பெயருக்கு நேரே இருந்த ஒன்றை அழித்து ஐந்து என்று போட்டாள். உடனே கண்ணாடிக்கடைக்கு ஃபோன் செய்தாள்.

"சொல்லு" என்றாள் கண்ணாடிக்காரி. பின்னால் யாரோ பலகையில் எழுத்துகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் போட்டது தப்புடி. மனசை மாத்திக்கிட்டேன். உன் எண்ணை மாத்திட்டேன்."

"எதனால?"

"ஃபார்ம் எல்லாம் படிச்சேன். நீதான் காரணம்னு நாப்பத்தொரு பேர் எழுதியிருக்காங்க."

பலகையை வாசித்தவர் கடைசி வரியில் திக்கி நின்றுவிட்டார்.

"ஒன்பது வருஷம் பக்கத்துலயே இருந்தேனேடி" என்றாள் கண்ணாடிக்காரி. "அது உனக்குத் தெரிய நாப்பத்தொரு பேர் எழுதித் தரணுமா?"

பிறகு, "ஆளு உக்காந்திருக்கு, வைக்கறேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

அட்டவணை அக்கா ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தாள். வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றவர் அவளை இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.